அடையாளப் பந்தி

நெடுவாய் நாட்டில் ஓர் ஆறு இருந்தது. அந்த ஆற்றுக்குக் கதவும் இருந்தது.

ஆற்றுக்கு எதற்குக் கதவு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்கள். மக்கள் இறங்குவதால் ஆறு அழுக்காகிறது, மக்களிடமிருந்து ஆற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று நாடாள்வார் ஒருநாள் ஆணையிட்டார். அடுத்த வாரமே எல்லாப் படித்துறைகளிலும் ஆளுயரக் கதவுகள் முளைத்தன. ஆற்றில் கால் நனைக்க வேண்டுமானால் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் அரண்மனைக்குப் போய், அங்கே எழுத்து வேலைகளையெல்லாம் கவனிக்கும் ஓலைநாயகர் அதைப் பார்த்து, ‘ஆவன செய்க’ என்று எழுதித் திருப்பி அனுப்புவதற்குள் விண்ணப்பித்தவருக்குத் தாகம் தீர்ந்துவிடும். சில சமயம் ஆளே தீர்ந்துவிடுவார்.

நெடுவாய் நாட்டில் நடந்தது முடியாட்சிதான். ஆனால் நாகரிகமான முடியாட்சி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் உண்டு. நாடாள்வார் நிற்பார், நாடாள்வாரே ஜெயிப்பார். எதிர்த்து நிற்க ஆள் இல்லாததை மக்களின் பேரன்பு என்று அரண்மனை முரசறைந்து சொல்லும்.

அந்த முறை மட்டும் ஓர் ஆள் நின்றார். கீழவீதியில் வெல்லக்கடை வைத்திருந்த ஆராவமுதன். அவருடைய மனைவி செங்கமலத்தைக் கேட்டால், அவர் நிற்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம் என்பாள். குறை சொல்லாமல் அவருக்கு ஒருபொழுதும் விடியாது. காபி கொதிக்கவில்லை என்பதில் ஆரம்பித்துத் தலையணை உயரம் வரைக்கும் அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு குறை இருந்தது. வீட்டில் இருந்த குறைகள் தீர்ந்ததும் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பிவிட்டார், அவ்வளவுதான். “ஜெயிச்சா முதல் வேலையா அந்தக் கதவைப் பிடுங்கி விறகாக்குவேன்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரும் நம்பத் தொடங்கியிருந்தது.

இந்த நாட்டில் தேர்தலில் நிற்பவருக்குக் கல்யாணமாகியிருக்க வேண்டும். காரணம், அடையாளப் பந்தி. எந்தக் காலத்திலோ எவனோ ஒருவன் அடுத்தவன் பேரைச் சொல்லி நின்று, ஜெயித்து, அரண்மனையின் பாதிச் சாமான்களோடு காணாமல் போய்விட்டான். அப்போது நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர் யோசித்தார். பேரைத் திருடலாம். முத்திரையைத் திருடலாம். மீசையைக்கூட ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒருத்தி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, அவள் முகத்துக்கு நேரே அதில் குறை சொல்லும் தைரியம் கட்டிய கணவனைத் தவிர வேறு யாருக்கும் வராது. வெளியாள் மரியாதைக்காகவாவது ‘பிரமாதம்’ என்றுதான் சொல்வான். அன்றிலிருந்து அதுவே சட்டம். வேட்பாளர் அரண்மனை முற்றத்தில் இலைக்கு முன்னால் உட்கார வேண்டும். மனைவி வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து பரிமாற வேண்டும். அவர் ஒரு குறையாவது சொன்னால் அவர்தான் அவர்.

இது பெண்களுக்கு அவமானம் என்று சிலர் முறையிட்டார்கள். ‘உள்ளதை உள்ளபடிதான் எழுதியிருக்கிறோம்’ என்று பதில் வந்தது.

ஆராவமுதன் அந்தப் பந்தியில் வெளுத்து வாங்கினார். ரசத்தில் பெருங்காயம் தூக்கல், முருங்கைக்காய் முத்தல், அப்பளத்தில் ஒரு பக்கம் கருகல். குறித்துக்கொண்டே வந்த ஓலைநாயகருக்குக் கை வலித்தது. “போதும், போதும். நீங்கள் நீங்களேதான்” என்று எழுந்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் செங்கமலத்துக்கு முகம் சிவந்து போயிற்று. திரும்பும்போது வண்டியில், “அப்பளம் நிஜமாவே கருகலா?” என்று கேட்டாள்.

“கருகல்தான்” என்றார் அவர். “அதான் ரெண்டாவது கேட்டு வாங்கினேன்.”

வேட்பாளர் பட்டியல் அரண்மனை வாசலில் ஒட்டப்பட்ட மறுநாள், பெரிய படித்துறைக்கு முன்னால் கூட்டம். ஆராவமுதன் ஒரு கையால் கதவைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். “இந்தக் கதவுக்குப் பின்னால ஓடுறது யாரு வீட்டு...” என்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதுவும் பேச்சில் சேர்த்தி என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது, கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்தபோது அவரும் ஓய்ந்திருந்தார்.

அன்று மாலையே எரித்துவிட்டார்கள். மறுநாள் சாம்பல் கலயத்தை வாசல் வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டாள் செங்கமலம். பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஆற்றில் கரைப்பது, காரியம் செய்வது எல்லாம் அவள் பொறுப்புதான். படித்துறையைத் திறக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தாள்.

அதற்குப் பதில் ஓலையாக வரவில்லை. ஓலைநாயகரே வந்தார். பட்டுக்குடையை ஒருவர் பிடிக்க, எழுத்தாணியை ஒருவர் ஏந்த, வாசலில் நின்றபடியே பேசினார்.

“அம்மணி, இந்த விண்ணப்பம் சட்டவிரோதமானது. இறந்தவர் பெயர் என்ற இடத்தில் ஆராவமுதன் என்று இருக்கிறது. ஆராவமுதன் என்பவர் வேட்பாளர். பட்டியலில் ஏறிய பெயரை நீக்க வேண்டுமானால், வேட்பாளர் தாமே நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் வரவில்லை.”

“எப்படிங்க வருவார்?”

“அது அவருடைய விருப்பம். பெயர் இருக்கும்வரை வேட்பாளர் இருக்கிறார். வேட்பாளராக இருப்பவர் இறந்தவர் ஆகமாட்டார்.”

“எரிச்சுட்டோங்களே.”

“நீங்கள் எதை எரித்தீர்கள் என்று அரசுக்குத் தெரியாது.”

செங்கமலம் மரத்தில் தொங்கிய கலயத்தைக் காட்டினாள். ஓலைநாயகர் அதை அண்ணாந்து பார்த்தார். “அடுப்புச் சாம்பல்” என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “பொட்டை அழிக்கக் கூடாது. பூவை எடுக்கக் கூடாது. முக்கியமாக, அழக் கூடாது. நீங்கள் அழுதால் அனுதாபம் பிறக்கும். அனுதாபம் ஓட்டாக மாறும். ஓட்டாக மாறக்கூடிய எதையும் தேர்தல் காலத்தில் இலவசமாக வழங்கக் கூடாது” என்றார்.

செங்கமலம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெங்காயம் உரித்தாள். ஒரு கூடை உரித்தாள். கீழவீதிப் பெண்களும் அவளுக்காக ஆளுக்கொரு கூடை உரித்தார்கள். செய்தி அரண்மனைக்கு எட்டியது. மூன்றாம் நாள் நாட்டில் வெங்காயம் தடை செய்யப்பட்டது. அதற்கடுத்த ஆணை, ஒரு வேட்பாளரின் வீட்டில் மட்டும் அழுகையைத் தடுப்பது பாரபட்சம் ஆகையால், நாடெங்கும் தேர்தல் முடியும்வரை யாரும் அழக் கூடாது என்றது. அதற்கும் அடுத்தது, வேட்பாளர் இறக்க முடியாதபோது வாக்காளர் மட்டும் இறப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று கண்டறிந்து, சுடுகாட்டைப் பூட்டியது. வைத்தியர்கள் நோயாளிகளின் உயிருக்குப் பொறுப்பாக்கப்பட்டார்கள். தெற்குத் தெருவில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெரியவர், “இன்னும் எத்தனை நாளைக்கும்மா இழுக்கணும்?” என்று மருமகளிடம் விசாரித்தார். “தேர்தல் வரைக்கும் பொறுத்துக்குங்க மாமா” என்றாள் அவள்.

இதற்கிடையில், ஆராவமுதனை நிறுத்திய ஆற்றுக் கட்சி நீதிமன்றத்துக்குப் போயிற்று. எங்கள் வேட்பாளர் காலமாகிவிட்டார், வேறு ஒருவரை நிறுத்த அனுமதி வேண்டும் என்றது. காலமாகவில்லை, அனுமதிக்கக் கூடாது என்றது அரண்மனை. பெருநீதியார் இரண்டு தரப்பையும் கேட்டார். நல்ல பருமனான மனிதர். நடுநடுவே எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் கேட்டார். ஓரத்தில் செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். யாராவது ஒருவர் அவரைச் செத்துவிட்டார் என்று தீர்ப்பாகச் சொல்லிவிட்டால் போதும், கலயத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடலாம் என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது.

பெருநீதியார் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு தீர்ப்பு வாசித்தார்.

“வேட்புமனு புனிதமானது. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதற்கு இல்லை. ஆனால், மனுவுக்குரிய ஆளை மாற்றக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆகவே மனு அப்படியே இருக்கட்டும். ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.”

மாற்றாள் மனுவில் கண்டபடி இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. பெயர் ஆராவமுதன். தொழில் வெல்ல வியாபாரம். வீடு கீழவீதி. மனைவி செங்கமலம்.

வேட்பாளர் சாகவில்லை என்பதால் அரண்மனைக்குத் திருப்தி. ஆள் கிடைத்துவிட்டதால் கட்சிக்குத் திருப்தி. செங்கமலத்தை யாரும் கேட்கவில்லை. மனுவில் அவள் பெயருக்கு இடம் இருந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்பதற்கு இல்லை.

மறுநாள் காலை வாசலில் ஒரு மஞ்சள் பையோடு மாசிலாமணி நின்றான். கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டுகிறவன். ஒட்டுவது போக மிச்சப் பசை எப்போதும் முழங்கையில் காய்ந்திருக்கும். கல்யாணம் ஆகவில்லை. டீயும் பன்னும் தின்றே வளர்ந்த உடம்பு.

“அண்ணி, மன்னிச்சுக்குங்க” என்றான். “என்னை அண்ணனாக்கிட்டாங்க.”

துடைப்பத்தை எடுக்கலாம் என்றுதான் செங்கமலம் நினைத்தாள். அவன் நின்ற கோலத்தைப் பார்த்ததும் கை வரவில்லை. “செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க தம்பி” என்றாள்.

வெல்லம் அடுக்கும் அறையில் அவனுக்குப் பாய் போட்டாள். ஆராவமுதனின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் நடந்தபோது சட்டை தனியாகவும் அவன் தனியாகவும் போவது போல இருந்தது. தினமும் காலையில் காவலர் ஒருவர் வந்து, “ஆராவமுதன் இருக்காரா?” என்று கேட்பார். “இருக்கேங்க” என்று மாசிலாமணி உள்ளிருந்து குரல் கொடுப்பான். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் செங்கமலம் வாசலுக்கு வந்து கலயத்தைப் பார்ப்பாள். பார்ப்பதற்குத் தடை இல்லை.

அந்தத் தீர்ப்பு நாட்டுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. ஊரைவிட்டு ஓடிப்போன வைத்தியரின் பேரில் சலூன்காரர் நியமிக்கப்பட்டார். ஆசிரியர் இல்லாத பள்ளியில் காவல்காரர் ஆசிரியரின் பெயரைச் சூட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் காவல் காத்தார். கோயில் யானை நோயில் விழுந்ததும் ஓர் எருமைக்கு நெற்றிப்பட்டம் கட்டி நிறுத்தினார்கள். அதை எருமை என்று சொன்ன ஒருவர் சிறைக்குப் போனார். சரியாகச் சொன்னால் அவரும் போகவில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய மைத்துனர் போனார்.

ஆள் மாறிவிட்டதால் அடையாளப் பந்தியை மறுபடி நடத்த வேண்டும் என்று அரண்மனை கேட்டது. நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. செங்கமலம் சமைக்க வேண்டும், மாசிலாமணி குறை சொல்ல வேண்டும். இதில்தான் ஆற்றுக் கட்சி மாட்டிக்கொண்டது. ஏனென்றால் மாசிலாமணிக்குக் குறை சொல்ல வரவில்லை.

“குழம்பு எப்படி இருக்கு?”

“அமிர்தம் அண்ணி.”

“அப்படிச் சொல்லக் கூடாது. உப்பு கம்மின்னு சொல்லுங்க.”

“கம்மியா இல்லையே.”

“நான் உப்பே போடலை.”

மாசிலாமணி இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு யோசித்தான். “அதான் ஒரு தனி ருசியா இருக்கு” என்றான்.

வீட்டுக்காரர் போனதற்கு அப்புறம் செங்கமலம் அன்றுதான் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண் நிறைந்தது. சட்டென்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். காவலர் தெருவில்தான் இருந்தார்.

“அண்ணி” என்றான் மாசிலாமணி, தட்டைப் பார்த்தபடி. “உங்களுக்கு நான் பந்தியில ஜெயிக்கணுமா, வேண்டாமா? நீங்க ஒருநாளும் சொல்லலையே.”

அவளுக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு. இவன் பந்தியில் தேறி, தேர்தலில் ஜெயித்தால் ஆராவமுதன் நாடாள்வார் ஆவார். கதவு விறகாகும். ஆனால் அவர் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தாக வேண்டும். கலயம் மழையிலும் வெயிலிலும் மரத்திலேயே கிடக்கும். இவன் தேறாவிட்டால் அவர் செத்தவர் ஆவார். கலயம் இறங்கும். ஆனால் எதிர்க்க ஆளில்லாமல் நாடாள்வார் மறுபடியும் உட்காருவார். கீழவீதிப் பெண்கள் கிணற்றுத் தண்ணீர்க் குடத்தோடு அவளைக் கடக்கும்போதெல்லாம், “அக்கா, எப்படியாவது அவரைக் குறை சொல்ல வெச்சிருங்க” என்று கெஞ்சிவிட்டுப் போனார்கள். தலையை ஆட்டி வைத்தாள்.

ஒரு மத்தியான வேளையில் கடைக்கு ஓர் அம்மாள் வந்தாள். சாதாரண நூல் புடவை. ஆனால் வெல்லத்தைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரியவில்லை. செங்கமலம் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் பதறி எழுந்தாள். நாடாள்வாரின் மனைவி, நாச்சியார்.

“உட்காரு, உட்காரு” என்றாள் நாச்சியார். தானே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். “புதுசா வந்திருக்கிறவர் எப்படி?”

“அவர் என் வீட்டுக்காரர் இல்லைம்மா.”

“தெரியும். எனக்கு இது மூணாவது.”

செங்கமலத்துக்கு முதலில் விளங்கவில்லை. நாச்சியார், பக்கத்து வீட்டு விசேஷத்தைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போனாள். கட்டிக்கொண்டவர் காய்ச்சலில் போனார். அதுவும் ஒரு தேர்தல் சமயம்தான். வாயைத் திறந்து அழுவதற்குள் ஓலைநாயகர் வந்து, பட்டியலில் பெயர் இருக்கிறது என்றார். மறுநாள் அதே உயரத்தில், அதே மீசையில் ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அடுத்து இவர்.

“இவர் மோசமில்லை. புறா வளர்க்கிறார்.”

“இத்தனை வருஷமா யாருக்குமே தெரியலையாம்மா?”

“எல்லாரும் குனிஞ்சு கும்பிடுறாங்க. யார் நிமிர்ந்து மூஞ்சியைப் பார்க்கிறாங்க?”

செங்கமலம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நாச்சியார் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். “முதல்ல இருந்தவருக்காக நான் ஒரு சொட்டுக்கூட அழலை. இருபது வருஷமாச்சு. அப்படியே உள்ளே கிடக்கு. உன்னைப் பத்திக் கேள்விப்பட்டதும் இருக்க முடியலை. இதை இப்பவே முடிச்சுக்கோ பெண்ணே. போகப் போக, போனவர் முகமே மறந்துடும். அது பெரிய கொடுமை.”

“உங்களுக்குப் பந்தி வைக்கலையா?”

“பதவியில் இருக்கிறவருக்குப் பந்தி கிடையாது. விதிவிலக்கு. அதைக் கேளேன், நீ. நான் கேட்டா அது புருஷன் பெண்டாட்டி சண்டை. நீ கேட்டா வழக்கு.”

மறுநாள் செங்கமலம் நீதிமன்றத்தில் எழுந்து நின்றாள். “எங்க வீட்டுக்காரருக்குப் பந்தி வைக்கிறீங்க. சரி. அவரும் வேட்பாளர், நாடாள்வாரும் வேட்பாளர். அவருக்கும் வைங்க.”

ஓலைநாயகர் துள்ளி எழுந்தார். “நாடாள்வாரைச் சோதிப்பது இந்த நாட்டையே சோதிப்பதாகும்.”

“ஒரு வாய் சோறுங்க” என்றாள் செங்கமலம். “நாடு தாங்கும்.”

பெருநீதியார் நீண்ட நேரம் கண்ணை மூடி யோசித்தார். சமத்துவம் என்ற ஒன்று இருக்கிறது. தவிரவும், பந்திக்குச் சாட்சியாக உட்காரும் நீதிபதிக்கும் ஓர் இலை போடுவது மரபு. இரண்டு பந்தி என்றால் இரண்டு இலை. “அப்படியே ஆகட்டும்” என்றார்.

பந்தி நாளன்று அரண்மனை முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. முதல் இலை நாடாள்வாருக்கு. இருபது வருஷம் கழித்து நாச்சியார் தன் கையால் சமைத்திருந்தாள். பாத்திரத்தைத் திறந்ததுமே முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். சாதம் பாதி அரிசியாக இருந்தது. குழம்பு எதனால் ஆனது என்று யாராலும் ஊகிக்க முடியவில்லை. நாடாள்வார் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார். அவருடைய கண் கலங்கிற்று. அழுகைத் தடை அமலில் இருந்ததால் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

“அற்புதம்” என்றார்.

பெருநீதியார் முன்னால் குனிந்தார். “குறை ஏதாவது...?”

நாடாள்வார் ஓலைநாயகரைப் பார்த்தார். ஓலைநாயகரின் உதடுகள் ‘சொல்லுங்கள், சொல்லுங்கள்’ என்று சத்தமில்லாமல் அசைந்தன. நாடாள்வார் பாவம், குழம்பிப் போனார். அரண்மனைப் பொருள் எதையும் குறை கூறுவது குற்றம் என்று அவரே கையெழுத்துப் போட்ட ஆணை அந்த முற்றத்துத் தூணிலேயே தொங்கியது. அந்த அரண்மனையில் குறை என்ற ஒன்றை யாரும் சொல்லி அவர் கேட்டதே இல்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியாது. “அற்புதம்” என்றார் மறுபடியும். “மிக அற்புதம்.”

பெருநீதியார் தன் இலையில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் தேவைப்பட்டது. “இதைச் சாப்பிட்டுவிட்டு அற்புதம் என்பவர் இந்த அம்மையாரின் கணவராக இருக்க வாய்ப்பே இல்லை” என்றார்.

“இல்லைதாங்க” என்றாள் நாச்சியார். “அவர் செத்து இருபது வருஷமாச்சு.” சொல்லிவிட்டு, கரண்டியை வைத்துவிட்டு, முற்றத்து நடுவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். காவலர்கள் அவளைப் பிடிப்பதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாடாள்வாராக இருந்தவர் நிம்மதியாகக் கை கழுவிக்கொண்டு புறாக்கூண்டுப் பக்கம் போய்விட்டார்.

கூட்டம் முன்னால் நெருக்கியது. ஒருவர் போனார். இனி மாசிலாமணி ஒரே ஒரு குறை சொன்னால் போதும். தேர்தலே வேண்டாம். எதிர்ப்பின்றி ஆராவமுதன் நாடாள்வார். கதவு திறக்கும்.

செங்கமலம் இலை போட்டாள். அன்று அவள் சமைத்தது அத்தனையும் பொறுக்கி எடுத்த சமையல். பரிமாறிவிட்டு எதிரில் நின்றாள். மாசிலாமணி சாப்பிட்டான். அவன் முகம் மலர்ந்தது. அதை அவசரமாகச் சுளித்துக்கொண்டான். அவளுக்காக, ஊருக்காக, அண்ணனுக்காக, பழகியதை ஒப்பிக்கத் தயாராக நிமிர்ந்தான். பெரிய சட்டையின் கை நழுவி இலையில் படாமல் சுருட்டிவிட்டுக்கொண்டான்.

அவன் வாயைத் திறந்தால் தீர்ந்தது. அந்தச் சட்டைக்குள் இனி ஒவ்வொருவராக வந்துகொண்டே இருப்பார்கள். குறை சொல்ல ஒவ்வொருவருக்கும் அவள் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். தன் மனுஷன் நிஜமாகச் சொன்ன குறைகள் எவை, அவள் சொல்லிக் கொடுத்தவை எவை என்று ஒருநாள் அவளுக்கே தெரியாமல் போகும்.

“உப்பு...” என்று தொடங்கினான் மாசிலாமணி.

“வேண்டாம் தம்பி” என்றாள் செங்கமலம். “பேசாம சாப்பிடுங்க.”

கட்சிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். முதலில் சுதாரித்தவர் ஓலைநாயகர்தான்.

“பதிவு செய்க. கட்டிய கணவரை எவரும் தம்பி என்று அழைப்பதில்லை. ஆக, இவரும் வேட்பாளர் இல்லை.”

“இல்லைங்க” என்றாள் அவள். “எங்க வீட்டுக்காரர் செத்துட்டார்.”

எவ்வளவு சின்ன வாக்கியம். சொல்லிவிட்டால் இடி விழும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை.

கூட்டத்திலிருந்து ஒருத்தி குமுறினாள். “என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? கதவு என்ன ஆறது?”

செங்கமலம் முந்தானையைச் செருகிக்கொண்டாள். “கதவைத் திறக்கணும்னா போய்த் திறப்போம். அதுக்கு அவர் எதுக்கு உயிரோட இருக்கணும்?”

நேரே வீட்டுக்குப் போய்க் கலயத்தை இறக்கினாள். நாச்சியார் அவளோடு வந்தாள். இரண்டு பேருக்கும் பின்னால் ஊர் வந்தது. மாசிலாமணி மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தான். இலையில் பாயசம் பாக்கி இருந்தது.

பெரிய படித்துறையில் காவலர் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார். “யாரும் உள்ளே போகக் கூடாது. நாடாள்வார் உத்தரவு.”

“எந்த நாடாள்வார் அண்ணே?” என்றாள் செங்கமலம். “அவர்தான் செத்து இருபது வருஷமாச்சே. கதவு போட்டுப் பத்து வருஷம்தானே ஆகுது?”

காவலர் மனதுக்குள் கணக்குப் போட்டார். கணக்கு இடித்தது. நாச்சியாரின் முகத்தைப் பார்த்தார். முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாவியைத் தேடி எடுத்து அவரே திறந்துவிட்டு, ஈட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, காலை நனைத்துக்கொள்ள முதல் ஆளாகப் படியிறங்கினார்.

செங்கமலம் இடுப்பளவு தண்ணீரில் நின்று கலயத்தைக் கவிழ்த்தாள். சாம்பல் ஒரு கணம் மிதந்து, பிறகு ஆற்றோடு போயிற்று. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல், மூக்கைச் சிந்திச் சிந்தி, ஊர் கேட்க அழுதாள். பக்கத்தில் நாச்சியார் மூன்று சோற்றுருண்டைகளைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள். “மூணாவது எதுக்கும்மா? அவர் இருக்காரே” என்றாள் ஒருத்தி. “இல்லைடி. ரெண்டாவது ஆளுக்குப் பசி ஜாஸ்தி” என்றாள் நாச்சியார்.

பட்டுக்குடையின் கீழ் ஓலைநாயகர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“இது பெருங்குற்றம். கதவைச் சாத்துங்கள். எல்லோரும் உடனே கரையேறுங்கள். ஆணை இருக்கிறது.”

“யார் போட்ட ஆணைங்க?” என்று தண்ணீருக்குள்ளிருந்து கேட்டார் காவலர்.

“எல்லா ஆணைகளும் நாடாள்வாரின் கையெழுத்தோடு முறையாக இருக்கின்றன.”

“மூணு பேரும் கையெழுத்துதான் போட்டாங்க” என்றாள் நாச்சியார், ஈரத் தலையை முடிந்துகொண்டே. “அவங்க எழுதி நான் பார்த்ததே இல்லை. ஆள் மாறினப்போகூட, எழுதிக் கொடுக்கிற கை மாறலை.”

ஊர் மெதுவாகத் திரும்பிக் கரையைப் பார்த்தது. குனிந்து கும்பிட்டே பழகிய ஊர் இப்போது தண்ணீருக்குள் நின்றபடி அண்ணாந்து, குடைக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தது. கதவு போட்ட அன்று இருந்த முகம். வெங்காயத்தைத் தடுத்த அன்று இருந்த முகம். அதற்கும் முன்னால், அவர்களுடைய அப்பன்மார்கள் விண்ணப்பம் கொடுத்த நாட்களிலும் இருந்த முகம்.

ஓலைநாயகருக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. “என்னை ஏன் பார்க்கிறீர்கள்?” என்றார். “நான் வேட்பாளர் இல்லையே. எனக்கு மனைவி இல்லை. என்னால் தேர்தலில் நிற்கவே முடியாது. ஒருநாளும் நின்றதும் இல்லை.”

செங்கமலம் முகத்தைக் கழுவிக்கொண்டு படியில் ஏறி வந்தாள். புடவையைப் பிழிந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ உங்களை எப்படிங்க தோற்கடிக்கிறது?”

ஓலைநாயகர் எழுத்தாணி ஏந்தியவரைப் பார்த்தார். அவர் சட்டச் சுவடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார். பொழுது சாயும்வரை இருவரும் கரையில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தார்கள். ஊர் குளித்துக்கொண்டே காத்திருந்தது.